பிரவீனா வரைந்த பம்புகள்

பிரவீனா என் வீட்டு மாடிக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. கட்டியவன் சரியில்லை என்று ஒரு துணிப்பையும் ஒரு லேப்டாப்புமாகக் கிணத்துக்கடவில் வந்து இறங்கினாள். அந்த லேப்டாப் அவள் பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. பேட்டரி செத்துப்போய், ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதை வைத்துத்தான் பிழைத்தாள்.

கோயமுத்தூர் பட்டறைக்காரர் ரங்கராஜ், தேய்ந்துபோன பம்புப் பாகங்களைக் கொடுத்தனுப்புவார். இவள் அளந்து கம்ப்யூட்டரில் வரைந்து, தாளில் எடுத்துக் கொடுப்பாள். அதைப் பார்த்து அச்சு செய்து இரும்பை ஊற்றுவார்கள். அவள் அளவு ஒருநாளும் தப்பியதில்லை. அவள் வைக்கும் ரசத்தைத்தான் வாயில் வைக்க முடியாது. அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

போன மாசம் ரங்கராஜ், இனிமேல் புது சாப்ட்வேரில்தான் படம் வேண்டும் என்றுவிட்டார். பழைய படங்களையும் அதில் மாற்றித் தர வேண்டும். அது இந்தக் கிழட்டு லேப்டாப்பில் ஓடவில்லை. உள்ளே இருக்கிற சிஸ்டத்தையே மாற்ற வேண்டுமாம். புது சிஸ்டத்தைப் பென்டிரைவில் ஏற்றித்தான் உள்ளே விட முடியும். அவளிடம் இருந்தது ஒரே பென்டிரைவ். ஆறு வருஷப் படங்களுக்கும் இன்னொரு பிரதி அதில்தான் இருந்தது. அதை அழித்துவிட்டாள்.

"லேப்டாப்புல எல்லாம் இருக்குதுங்களே ஆத்தா. ரெண்டு மணி நேர வேலை. முடிஞ்சதும் மறுபடியும் இதுல ஏத்திக்கிறேனுங்க" என்றாள்.

அன்று காலை நான் கிரைண்டரில் அரிசியைப் போட்டேன். வோல்டேஜ் இல்லை. கல் நகராமல் உறுமியது. முப்பது வருஷமாகச் செய்கிறதைத்தான் செய்தேன். மெயின் பெட்டியைத் திறந்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கி, வோல்டேஜ் இருக்கிற அடுத்த பேஸில் சொருகினேன். மாடிக்கும் அதே மெயின்தான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கிரைண்டர் ஓடியது. மாடியில் அவள் கத்தினாள்.

"ஆத்தா! கரண்டுக்கு என்னாச்சுங்க?"

"போச்சு, வந்துருச்சு. எதுக்குடி இந்தக் கத்து கத்தறே?"

மேலே போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்து. எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் அதே எழுத்து. உள்ளே பல்லி மாதிரி டிக் டிக் என்று சத்தம். அவள் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் உக்கடத்தில் அப்துல் கையூம் கடைக்குப் போனோம். நானாகத்தான் கூடப் போனேன். அவர் அடியில் கழற்றி, டிஸ்க்கை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் கட்டாயிருக்குது அம்மணி. பழைய டிஸ்க், அடி வாங்கிருச்சு. ஈபியில கட் பண்ணுனாங்களா?"

"ஆமாங்க பாய்" என்றாள்.

"ஈபிக்காரன் இல்லீங்க பாய். நாந்தான் புடுங்குனேன்" என்றேன்.

பிரவீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே ஆத்தா?"

"என்னைக்குக் கேட்டுட்டுப் புடுங்குனேன்? எங்க ஊட்டு மெயினு."

தப்பை ஒத்துக்கொள்ள வந்த வாய் இப்படிப் பேசிப்போட்டது. கையூம் பாய் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினார்.

மூன்றாம் நாள் வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்தார். பழையதிலிருந்து சுரண்டி எடுத்ததைப் பிரவீனா மாடியில் திறந்து பார்த்தாள். ஒரு பம்புப் படம்கூட இல்லை.

"என்னதான்டி வந்துச்சு?"

"கல்யாண போட்டோ வந்துருச்சுங்க. இருநூத்திப் பத்தும். ஒண்ணுகூடக் கெடலீங்க."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ரங்கராஜுக்கு நானே போன் போட்டேன். "தப்பு என்னுதுங்க. புள்ளை மேல கோவிச்சுக்காதீங்க. ஒரு மாசம் பொறுங்க."

"கோவம் எதுக்குங்க ஆத்தா? திங்கக்கிழமை மோல்டிங்கிங்க. படம் இல்லாம நான் எதை வெச்சு ஊத்தறது? சரவணம்பட்டியில ஒரு கம்பெனிக்காரங்க இந்தப் பட வேலையைத் தங்களுக்குக் குடுங்கன்னு ரெண்டு வருசமா கேட்டுட்டே இருக்காங்க."

பிரவீனா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அண்ணா, அந்தப் பழைய பீஸெல்லாம் குடுங்கண்ணா. ராப்பகலா அளந்து திரும்ப வரைஞ்சு குடுத்தர்றேன்."

"படந்தான் உன்கிட்ட இருக்குதேன்னு நீ குடுத்த தாளையும் எடுத்து வெக்கல, பீஸையெல்லாம் அப்பப்பவே உருக்கிட்டோம் கண்ணு."

"சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டாள்.

லேப்டாப் வேகமாகத்தான் ஓடியது. அந்தப் புது சாப்ட்வேரைத் திறந்தாள். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"என்ன கேக்குது?" என்றேன்.

"வரையறது யாருன்னு பேரு கேக்குதுங்க."

"சொல்லித் தொலையேன்."

விரலைக் கீபோர்டு மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.