குவைன்ட் வீட்டுக்காரி

ஞானபாய்க்கு இந்த வயதில் புதிதாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ‘குவைன்ட்’ அவளை விட்டால்தானே.

நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக நின்று நின்றே மூட்டு இரண்டையும் தொலைத்தவள். ரிட்டயரானதும் அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான்: பூதப்பாண்டியில் இருக்கும் தன் ஓட்டு வீட்டுக்குள்ளேயே ஒரு பாத்ரூம். இருப்பதோ கிணற்றுக்கு அப்பால், பாசி பிடித்த கல்படிகளுக்குக் கீழே. பெங்களூரில் இருக்கும் மகன் பிரபின் அதைக் கட்ட விடவில்லை. பக்கத்துக் கீரிப்பாறைக் காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னறையை ஆன்லைனில் வாடகைக்கு விட்டிருந்தான். வந்தவர்களெல்லாம் ஓட்டையும் கிணற்றையும் படம் பிடித்து, குவைன்ட் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

“அப்பிடின்னா என்னது மக்கா?” என்று போனில் கேட்டாள்.

“பழைய மாதிரி இருக்கும், ஆனா பாக்க ஒரு ரசனையா இருக்கும். பாராட்டுதான்மா. உள்ள டைல்ஸ் போட்டா ஒருத்தனும் வரமாட்டான்.”

“ஒனக்க பிளாட்ட ஆராவது அப்பிடிச் சொல்லியிருக்காவளா?”

“அத எப்பிடிச் சொல்லுவாவ? அது நாங்க இருக்கப்பட்ட வீடுல்லா.”

பெற்ற பிள்ளை, யோசிக்காமல் சொல்லிவிட்டான். நான் எங்கே இருக்கிறேனாம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐப்பசி மழையில் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியது. வீங்கிய கையோடு அவள் கிணற்றிலிருந்து தண்ணீர் கோருவதைத் தங்க வந்த பெண் ஒருத்தி படம் எடுத்தாள். வீடும் குவைன்ட், வீட்டுக்காரம்மாவும் குவைன்ட் என்று எழுதினாள். அதைப் பிரபின் பெருமையாக அம்மாவுக்கே அனுப்பிவைத்தான். எத்தனை டாக்டர்களை ஒற்றைப் பார்வையில் கையை மறுபடி கழுவ அனுப்பியவள் அவள்!

கிறிஸ்துமஸுக்குப் பிரபின் மனைவி சுபிதாவோடு வந்தான். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டதும் கார் சாவியை எடுத்தான்.

“நாகர்கோவில்ல ரூம் போட்டிருக்கேன்மா. காலையில ஆராதனைக்கு நேரா வந்துருவோம். சுபிதாவுக்கு அந்தப் படியில எறங்க பயமா இருக்காம்.”

ஞானபாய் வாசல் வரை போய் வழியனுப்பினாள். கார் தெரு முக்குத் திரும்பியதும் முருகதாஸ் கொத்தனாருக்குப் போன் போட்டாள்.

“பண்டிகை கழிஞ்ச ஒடனே வாரும். முன்னறைய பாத்ரூம் ஆக்கணும்.”

“ஆளுவ வந்து தங்குத அறையா? மகன்ட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா?”

“அவனுக்குத்தான் லாட்ஜ் இருக்கே. இஞ்ச இருக்கது நான்.”