பத்துப் பேரும் ஓடிய ஆட்டம்

உலகத்திலேயே பெரிய ஃபுட்பால் டீம் எது? இந்தக் கேள்விக்காகப் பிள்ளையார்பாளையம் டீக்கடையில் அடித்துக்கொள்ளாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒருவன் பிரேசில் என்பான், ஒருவன் ஸ்பெயின் என்பான், கப்புகளை விரல்விட்டு எண்ணுவான். குமரகுரு மட்டும் வாயைத் திறக்கமாட்டான். டீயைக் குடித்துவிட்டுப் பார்சல் மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவனுக்குப் பதில் தெரியும். சொன்னால் சிரிப்பார்கள்.

குமரகுரு செவிலிமேட்டுக்காரன், விவசாயக் குடும்பம், வயது இருபத்தாறு. வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை. எட்டு வருஷமாகப் பிள்ளையார்பாளையம் டீமின் கோல்கீப்பர். மற்றப் பத்துப் பேரும் தறிக்காரர்கள். தறிப் பேச்சு வந்தால், "உனுக்கு இன்னாடா தெரியும், நீ கோல பாரு" என்று கேப்டன் தணிகாசலம் அவனைக் கலாய்ப்பான்.

போன ஐப்பசியில் அந்த டீம் ஃபைனலுக்கு வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி டீமின் கோச் குமரகுருவுக்குப் போன் செய்தார். "ஃபைனல்ல உன்ன பாக்க வர்றேன். நல்லா நின்னா வேலையோட எடுத்துக்கறேன்." அவன் அம்மா மணியம்மாள் அன்றைக்கே மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். மூட்டை சுமக்காத வாழ்க்கை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

காலை ஏழரைக்கு ஆட்டம். இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார்கள். குமரகுரு பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டபோது கோச் தலையாட்டியதை அவனே பார்த்தான். இன்னும் பதினைந்து நிமிஷம்தான். அப்போது கிழக்கே குபுகுபுவென்று இருட்டிக்கொண்டு வந்தது.

கோலில் நிற்பவனுக்குத்தான் பத்து முதுகும் தெரியும். ஒருவனும் கத்தவில்லை, கை காட்டவில்லை. பத்துத் தலையும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தன. அடுத்த நொடி பந்தை அப்படியே போட்டுவிட்டு, மைதானத்துச் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார்கள்!

"டேய் தணிகா! இன்னாடா பண்றீங்க?"

காதில் வாங்கினால்தானே! சுவருக்குப் பின்தெருவில் கங்கையம்மாளின் பாவு இருந்தது. தறியில் ஏற்ற வேண்டிய, மூன்று பட்டுச் சேலைக்கான நீள இழை. கஞ்சி போட்டு, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவிட்டிருந்தாள். காலையில் மைதானத்துக்கு வரும்போது எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள். ஈரத்தோடு மழையும் விழுந்தால் இழையெல்லாம் ஒட்டிப் பாழாகிவிடும்.

சரி, இந்தக் கங்கையம்மாள் இவர்களுக்குச் சொந்தமா, பந்தமா? ஒரு மண்ணும் கிடையாது. பந்து தன் வாசலில் விழுந்தால் அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அறுத்து வீசுகிற மகராசி. அதுவரைக்கும் ஏழு பந்து அறுத்திருக்கிறாள்.

"அஞ்சு நிமிஷம் பாப்பேன்," என்றார் ரெஃப்ரி. "ஏழு பேராவது வரலன்னா கப்பு அவங்களுக்குதான்."

"நீ நில்லுப்பா. நீ நவுராத," என்று கோச் கோட்டுக்கு வெளியிலிருந்து சொன்னார்.

குமரகுரு நின்றான். தனியாக ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். தணிகாசலத்தின் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவரும் ஆத்திரத்தோடுதான் அவனும் சுவரேறிக் குதித்தான்.

தெருவில் பாவு நீளத்துக்கு இருபக்கமும் பத்துப் பேர் இழையைத் தாங்கி நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவன் கை இறங்கினால் எதிரில் இருப்பவன் கை ஏறியது. பார்க்காமலே பந்து கொடுப்பார்களே, அதே கைகால்கள். அந்தப் பழக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வந்தது என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான் குமரகுரு, மடையன். கங்கையம்மாள் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாவைச் சுருட்ட வேண்டியதுதான் பாக்கி. மறுமுனையில் பாவைக் கட்டியிருக்கும் கட்டையை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தால்தான் இழை தொய்யாது. அங்கே மட்டும் ஆள் இல்லை.

"குமரா, புடி," என்றான் தணிகாசலம், திரும்பிப் பார்க்காமலே. மைதானத்தில் பந்தைப் பின்னால் தள்ளும்போது வருகிற அதே குரல்.

சட்டையைப் பிடிக்க நீண்ட கை கட்டையைப் பிடித்தது. பாதி சுருட்டியிருக்கும்போதே மைதானத்தில் விசில் ஊதியது. அது எதற்கான விசில் என்று அவனுக்குத் தெரியும். கட்டையை விட்டிருந்தால் பாவு தொய்ந்திருக்கும். அவன் விடவில்லை.

பாவு வீட்டுக்குள் போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கோச் குடையோடு வந்து நின்றார். "கோல உட்டு வந்த கீப்பர நான் எப்படிப்பா எடுத்துக்கினு போறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போய்விட்டார்.

குமரகுரு கங்கையம்மாள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அம்மா முடிந்து வைத்த மஞ்சள் துணிதான் கண்முன் நின்றது. கங்கையம்மாள் ஒரு துண்டைத் தூக்கி அவன் தலைமேல் போட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை அவள் வாயிலிருந்து.

"பத்து பேர் இருந்தீங்களேடா," என்று தணிகாசலத்திடம் வெடித்தான். "அந்தக் கட்டைய புடிக்க ஒருத்தன் கெடைக்கலியா?"

நனைந்த ஜெர்சியைப் பிழிந்துகொண்டிருந்த தணிகாசலம் அவனை விநோதமாகப் பார்த்தான்.

"இன்னாடா பேசற? அது உன் எடம். நீ வராம எங்க போவப் போற?"