நாற்பத்து நான்காவது கணினி

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயத்தில், செஞ்சியில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. அங்கே கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் படுத்தாலும் என்னைத்தான்.

எங்களிடம் இருப்பவை நாற்பத்து மூன்று கணினிகள். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனித்துக்கொள்ள ஒரு மென்பொருள் உண்டு. எதற்கு என்ன அப்டேட் போக வேண்டும், எது நின்றுபோனது என்பதெல்லாம் அதில் தெரியும். அதன் பழைய பதிப்புக்கு இனி ஆதரவு கிடையாது, புதியதற்கு மாறிவிடுங்கள் என்று தகவல் வந்தது. பழையதன் மேலேயே புதியதைப் போட முடியாது. வேறு சர்வரில் புதியதை நிறுவி, கணினிகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்ற வேண்டும். மாறும்போது ஒவ்வொன்றும் ஒருமுறை அணைந்து எழும்.

சென்னையிலிருந்து போனில் பேசிய இன்ஜினீயர், "ஒரு மணி நேர வேலை மேடம். ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்து முடிச்சுடுங்க" என்றார். எனக்குத்தான் பயம். அதற்கு முன்பு ஒருமுறை நான் அவசரப்பட்டுப் போட்ட ஒரு அப்டேட்டால், மருந்தகத்தில் அரை நாள் எதுவும் ஓடவில்லை. வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற பெண்களை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதனால் இந்த முறை உட்கார்ந்து நான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். புறநோயாளிகள் வராத ஒரு ஞாயிறைத் தேர்ந்தெடுத்தேன். பெருமை தாங்காமல், அட்மிஷன் கவுண்டரில் பல வருடங்களாக இருக்கும் அக்காவிடம் அதை நீட்டினேன். தேதியைப் பார்த்ததுமே அவர் நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, அன்னிக்கு அமாவாசையாச்சே! மலையனூர் கோயிலுக்குப் போற கூட்டம் பூரா இந்த ரோட்டுலதான போவும்? ஞாயித்துக்கிழமைன்னா நமக்குத்தான் லீவு, அம்மனுக்கு ஏது லீவு?"

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று கூசிப்போனேன். தேதியை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவிட்டு, அதே காகிதங்களோடு ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினேன்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பெண், "காலைல பத்து மணி வரைக்கும் இதைத் தொடாதீங்க மேடம். டெஸ்ட் நடுவுல நின்னுட்டா, மறுபடியும் ரத்தம் எடுக்கணும்" என்றார். எக்ஸ்ரே எடுப்பவர் அதிகம் பேசமாட்டார். பீரோவைத் திறந்து, துணி போட்டு மூடியிருந்த ஒரு கணினியைக் காட்டினார்.

"மெயின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா இதைத்தான் எடுத்து மாட்டுவேன். உங்க லிஸ்ட்ல இது இருக்குதா?"

இல்லை. மாதக்கணக்கில் அணைந்தே கிடந்ததால் மென்பொருள் அதை மறந்தே போயிருந்தது. ஆக, மொத்தம் நாற்பத்து நான்கு.

நான்கு பக்கம் பதினொன்றானது. மூன்று பழைய கணினிகளை வைத்து ஒத்திகை பார்த்தேன். இரண்டு தடவை சொதப்பி, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. எந்தக் கட்டத்தில் சிக்கினாலும் பழையதற்கு எப்படித் திரும்புவது என்பதைச் சிவப்பு மையில் தனியாக எழுதிவைத்தேன்.

அந்த அமாவாசை ஞாயிறன்று, கோயிலுக்குப் போன வேன் ஒன்று வழியில் கவிழ்ந்து, ஒரே நேரத்தில் பதினாறு பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. கவுண்டர் அக்கா தலை நிமிராமல் பதிவு போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் திரைகளெல்லாம் இருண்டு கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அடுத்த ஞாயிறு காலை வேலையை ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணிக்குள் முப்பது முடிந்தது. பீரோவில் இருந்ததையும் மாற்றியாகிவிட்டது. அடுத்து எக்ஸ்ரே அறையின் மெயின் கம்ப்யூட்டர். அணைந்தது, எழவில்லை. சரியாக அப்போதுதான், சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரை, தொங்கும் கையோடு அழைத்து வந்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் எக்ஸ்ரேக்காரர் பீரோவைத் திறந்துவிட்டார். "நீங்க அதைப் பாருங்க, நான் இதை மாட்டுறேன்" என்றார். ஆறே நிமிடத்தில் படம் வந்தது. எலும்பு உடைந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் கட்டுப் போடப் போய்விட்டார். இங்கே ஒன்று படுத்துக்கிடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

நான் சிவப்பு மைப் பக்கத்தைப் பிரித்து, ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே போனேன். பழையதற்குத் திரும்பியதும் அது எழுந்துகொண்டது. டிஸ்க்கில் இடமே இல்லாமல் நிரம்பியிருந்ததுதான் கோளாறு. இடம் ஒதுக்கி மறுபடி மாற்றினேன். இந்தத் தடவை தடங்கல் இல்லாமல் எழுந்தது.

மாலை நான்கு மணிக்குப் புதிய திரையில் நாற்பத்து நான்கு பச்சைப் புள்ளிகள். இரண்டு முறை எண்ணினேன். கவுண்டர் அக்கா எட்டிப்பார்த்து, "எல்லாம் பச்சையா இருக்குதே, நல்லதுதான?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது.

திங்கட்கிழமை நிர்வாகி என்னை வராண்டாவில் நிறுத்தி, "ஏதோ மாத்தணும்னு சொன்னியேம்மா, அது எப்போ?" என்று கேட்டார்.

"நேத்தே முடிஞ்சிடுச்சு சார்."

"நேத்தா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

இதுவரை எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். எதற்கும் நான் இவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

இப்போதெல்லாம் எவ்வளவு சின்ன மாற்றமாக இருந்தாலும், கையில் ஒரு காகிதத்தோடு ஒவ்வொரு அறைக்கும் போய், "இதுல நான் எதை விட்டுட்டேன்?" என்று கேட்கிறேன். அப்படிக் கேட்பதில் எனக்கிருந்த கூச்சம் அந்த ஞாயிறோடு போய்விட்டது.