மருந்து படாத வில்லை

அபிதகுசாம்பாளிடம் ‘இருக்கலாம்’, ‘பார்க்கலாம்’ என்றெல்லாம் பதில் வாங்க முடியாது. உண்டு, இல்லை, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அப்படித்தான் பேசினாளாம். நான் நம்புகிறேன்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டுப் பெண். பி.எஸ்ஸி. முடித்ததும், 1978-இல், பழைய அரிசி மில் கட்டடத்தில் இருந்த ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் சேர்ந்தாள். தெள்ளார்க்காரர் ஜெயவேல் அங்கே புதுப்புது ரசாயனங்களைச் செய்வார். அவை கிருமியைக் கொல்கின்றனவா என்று பார்ப்பது இவள் வேலை. கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, ரசாயனத்தில் நனைத்த காகித வில்லையை அதன்மேல் வைப்பாள். கிருமி செத்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே படாத வில்லை ஒன்றும் பக்கத்தில் இருக்கும்.

இரண்டு வருஷம் ஒரு வளையமும் விழவில்லை. அடுத்ததும் தோற்றால் ஆராய்ச்சியையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த அடுத்ததில் பெரிய வளையம் விழுந்தது. முதலாளி ஸ்வீட் வாங்க ஆள் அனுப்பினார். ஜெயவேலுக்குத் தலைகால் புரியவில்லை. அபிதா மட்டும் தட்டை விட்டு நகரவில்லை. மருந்து படாத வில்லையைச் சுற்றியும் வளையம். அதன் ஓரத்தில் லேசான ஊதா.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கல்யாண சீசன். வீட்டில் ஆள் போதாமல் முந்தின நாள் காலையில் ஊதா நூலைப் பிழிந்து கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அந்தக் கையால்தான் வில்லைகளை வெட்டினாள். வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தும் சாயம்தானே. கிருமி சாகாமல் என்ன செய்யும்?

“சாயம் நகத்துல ஒட்டிகினு இருந்துக்குது சார். திரும்பப் போடணும்,” என்றாள்.

ஜெயவேல் முகம் செத்துவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அந்த வெறும் வில்லைய யாரும்மா பாக்கப் போறாங்க?”

“நான் பாத்துட்டேனே சார்.”

முதலாளியிடமும் அவளே போய்ச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள், கூசவில்லை. வந்த ஸ்வீட் பிரிக்காமல் மேஜையில் கிடந்தது. கையைப் புளி போட்டுத் தேய்த்து, புது வில்லைகளை இடுக்கியாலேயே எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஜெயவேல் தட்டருகே வரவே இல்லை, ஜன்னலோரம் நின்றார். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மருந்து படாத வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. அவர் வில்லையைச் சுற்றி வளையம் இருந்தது. நேற்றையதில் பாதிகூட இல்லை.

தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

“சின்னதுதான் சார். ஆனா இது உங்களுது.”