சின்னச் சட்டிக் குழம்பு

மேகலா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. ஃபோன் பேசினாலும் நடந்துகொண்டேதான் பேசுவாள். குவைத்திலிருந்து கணவன் பிரபு வீடியோவில் வந்தால் அவனுக்குத் தெரிவது பாதி மனைவி, பாதி ஓடுகிற சுவர். "செத்த நேரம் ஒரு எடத்துல நில்லேன், எனக்குத் தலை சுத்துது" என்று கெஞ்சுவான். அவள் நிற்க மாட்டாள். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்து, நீடாமங்கலத்துக்கு அருகே நெல்வயலுக்கு நடுவில் வாழ்க்கைப்பட்டவள். நடவுக்கு ஆள் பிடிப்பது, அறுவடை மெஷின்காரனிடம் மல்லுக்கட்டுவது, உர மூட்டைக்கு சொசைட்டியில் போய் நிற்பது, மகள் மதிவதனியைப் பள்ளி வேனில் ஏற்றுவது எல்லாம் அவள்தான். எதிலும் கெட்டிக்காரி, சமையலைத் தவிர. இதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

மாமியார் நாகம்மாள் இருந்தவரை அந்தக் குறை வெளியே தெரியவில்லை. அவர் காலமான பிறகு அடுப்படி மேகலாவின் கைக்கு வந்தது. மாமனார் வைத்தியலிங்கம் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறக்கிற ஆள் இல்லை. நல்லா இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நல்லா இருக்கு என்றும் சொன்னதில்லை. இலையில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அந்தப் பேசாத வாய் மேகலாவை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் அம்மா வளர்த்த விதம் அப்படி. அடுப்பில் இருப்பதை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதல் கவளம் காக்காய்க்கு, அப்புறம்தான் மனிதருக்கு. நடுவில் ருசி பார்த்தால் அத்தனையும் எச்சில். மற்றப் பெண்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பதைக் கண்டாலே அவளுக்கு உடம்பு கூசும். குழம்பின் ஆவியை முகர்ந்து பார்த்தே உப்பு போதுமா போதாதா என்று முடிவு கட்டுவாள். அந்த மூக்கு பத்துக்கு நாலு தடவை சரியாகச் சொல்லும்.

போன ஆடியில் மாமனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வரப்பில் பாதி தூரம் நடந்ததும் நின்றுவிடுவார். டாக்டரிடம் காட்டியதில் இதயம் பலவீனமாக இருக்கிறது, உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். உப்பை அடியோடு குறைக்கச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அடுப்படியில் இரண்டு சட்டி. அவளுக்கும் மகளுக்கும் பெரிய சட்டி. மாமனாருக்கு உப்பில்லாமல் சின்னச் சட்டி. வாயே திறக்காத மனிதர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "இத மனுஷன் திம்பானா? மாட்டுக்கு ஊத்து" என்று தட்டைத் தள்ளிவிட்டார். ராத்திரி மோர்ச்சோற்றில் நாலு வாய். மறுநாள் அதுவும் இல்லை. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே தெரிய ஆரம்பித்தது. பிரபு வீடியோவில் அதைப் பார்த்துவிட்டான். "அப்பா இப்படி எளச்சுட்டாரு. நீ சோறு போடுறியா இல்லியா?" என்று கேட்டே விட்டான். அந்த ஒரு கேள்வி போதாதா? நான் ஒருத்தி இருந்தும் இந்த மனிதர் பட்டினியில் போய்ச் சேர்ந்தால் ஊர் என்ன சொல்லும், பிரபு என்ன சொல்வான் என்று அவள் கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நடந்ததில் அலமாரி கண்ணில் பட்டது.

அலமாரியில் பிரபு லீவில் வந்தபோது கொண்டுவந்த சாமான்கள் கிடந்தன. கோடாலித் தைலம், சென்ட், பால் பவுடர், அதோடு மசாலாக் கட்டி. தங்கக் காகிதத்தில் சுற்றிய சின்னச் சின்னக் கட்டி. தெருவில் அதற்குப் பெயரே குவைத்துக் கட்டிதான். சூப்பில் போடுவார்கள், பிரியாணியில் போடுவார்கள். டப்பா முழுக்க அரபியில் எழுதியிருந்தது. கோழிப் படம் போட்ட டப்பா ஒன்று, வெள்ளிக்கிழமைக்கும் அமாவாசைக்கும் ஆகிற மாதிரி கேரட் படம் போட்டது ஒன்று. "எங்க கேம்பு சமையல்ல எல்லாத்துலயும் இதான் போடுவாங்க. ஒரு கட்டி போட்டா வேற எதுவும் வேணாம்" என்று பிரபு அப்போது சொல்லியிருந்தான்.

வேற எதுவும் வேணாம். அது போதும் அவளுக்கு. அன்று மத்தியானம் சின்னச் சட்டிக் கத்திரிக்காய்க் குழம்பில் ஒரு கட்டியை நசுக்கிப் போட்டாள். கமகமவென்று வந்தது வாசனை.

வைத்தியலிங்கம் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் வைத்தார்.

"உப்பு போட்டியா?"

"ஒரு கல்லு கூடப் போடல மாமா. இது அவரு கொண்டாந்த மசாலா. அதோட ருசிதான்."

"உப்பு மாரி இருக்கேம்மா."

"நான் போடலங்கிறேன்ல. என் கையால பண்ணது எனக்குத் தெரியாதா?"

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் துண்டை உதறும்போது, "நல்லாருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மேகலாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் தேய்க்கிற சாக்கில் நின்றுகொண்டாள். அன்றைக்கு அவளைப் போலச் சந்தோஷப்பட்டவர் அந்த ஜில்லாவில் இருந்திருக்க மாட்டார்.

அப்புறம் ரசமோ கீரையோ மீன் குழம்போ, சின்னச் சட்டி என்றால் அதில் கட்டி உண்டு. மாமனார் இரண்டு வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கன்னம் கொஞ்சம் உப்பி வந்தது. உடம்பு தேறிவிட்டது என்று வீடே நம்பியது.

ஆனால் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மேகலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்பே போடாத வீட்டில் உப்பு எங்கிருந்து வரும்? ஊறுகாய் ஜாடியைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்தாள். அப்பளக் கட்டை ஒளித்தாள். அரைத் தூக்கத்தில் அவர் எழுந்து போனால் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். வீக்கம் வடியவில்லை. ஒருநாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் எண்ணெய் ஊறிய காகிதம் ஒன்று இருந்தது. வடை மடித்த காகிதம்.

"அது புள்ளைக்கு வாங்கினேன்" என்றார் வைத்தியலிங்கம்.

"பள்ளிக்கூடம் போயிருக்கிற புள்ளைக்கா?"

"வந்ததும் குடுத்தேன். கேட்டுப் பாரு."

அவள் எங்கே கேட்டாள்? மறுநாள் காலை அவர் தண்ணீர் பார்த்துவிட்டு வழக்கம்போல வாய்க்கால் பாலத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, இவள் ஸ்கூட்டியைக் கொண்டுபோய்க் கடை வாசலிலேயே நிறுத்தினாள்.

"பாய், இவருக்கு வட பஜ்ஜி எதுவும் குடுக்காதீங்க" என்று கடைக்காரர் ஜெய்னுலாபுதீனிடம் ஆரம்பித்தாள். "வீட்டுல உப்பில்லாம ஆக்கிப் போட்டா, இங்க வந்து திருட்டுத்தனமாத் தின்னுட்டு வராரு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

"சீனி இல்லாத டீதான் தங்கச்சி குடிக்கிறாரு. அல்லா அறிய வேற எதுவும் தொடறதில்ல" என்றார் பாய்.

"நீங்க வேற அவருக்கு ஒத்து ஊதாதீங்க."

பெஞ்சில் இருந்த யாரோ ஒருவன் சிரித்தான். இந்த ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறைக்குச் சண்டை வந்தால் இரண்டு தரப்பும் வைத்தியலிங்கத்தைத்தான் தேடி வரும். அவர் சொன்னால் மடை திறக்கும், அவர் சொன்னால் அடைக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று அவர் வீட்டு மருமகளே நடுக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டாள். பாதி குடித்த டீயை வைத்துவிட்டு எழுந்து நடந்தார். அவளுடைய ஸ்கூட்டியில் ஏறவில்லை.

அதோடு வெளியே போவதை நிறுத்திக்கொண்டார். வயலுக்கும் போகவில்லை. மாட்டுக்கொட்டகைப் பக்கம் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு அதிலேயே கிடந்தார். மருமகளிடம் பேச்சு இல்லை. ஆனால் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் தவறாமல் வந்து உட்காருவார். அவள் கண்முன்னால் அவள் போட்டதை மட்டும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். வேறு எதுவும் தின்னவில்லை பார் என்று காட்டுகிற வீம்பு. மேகலாவும் ரோஷம் தீரட்டும் என்று இன்னும் ஒரு கரண்டி சேர்த்தே ஊற்றினாள். கட்டியும் ஒன்று ஒன்றரையானது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவரால் படுக்கவும் முடியவில்லை, மூச்சு விடவும் முடியவில்லை. காரைப் பிடித்துத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

"உப்பு நெறைய உள்ள போயிருக்கு. வீட்டுல யாரு சமையல்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நான்தாங்க. ஒரு கல்லு கூடப் போடுறதில்ல. இவருதான் கடையில..."

வைத்தியலிங்கம் பேச முடியாத நிலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பாலும் ரொட்டியும் சப்பென்ற கஞ்சியும். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மேகலா வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டே பிரபுவிடம் சொன்னாள்: "இங்க டீக்கடை இல்ல பாருங்க. அதான் வடிஞ்சுருச்சு." அவள் மூளையைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், முருங்கைக்காய்க் குழம்பு. தட்டில் சோற்றைப் போட்டுச் சின்னச் சட்டியை எடுத்தபோது வைத்தியலிங்கம் கையை நீட்டித் தடுத்தார்.

"நீயும் ஒக்காரு. இன்னைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே சட்டி."

"எனக்கு அங்க தனியா இருக்கு மாமா."

"அது வேணாம். தெனைக்கும் இதையே ரெண்டு பேரும் சாப்புடுவோம். எங் காலு வீங்கினா ஒங் காலும் வீங்குதான்னு பாப்போம். ஊர்ல என்னைத் திருடன்னு சொல்லிட்டே. அதத் தீத்துட்டுத்தான் நான் சாவேன்."

மேகலா எதிரே உட்கார்ந்தாள். அவருக்கு ஊற்றித் தனக்கும் ஊற்றிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

உப்பு. நாக்கு சுரீர் என்றது. அவளுடைய பெரிய சட்டிக் குழம்பைவிட இதில் உப்பு அதிகம். முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே இருந்தாள். மாமனார் பிசைந்த சோற்றை உருட்டிக் கையைத் தூக்கினார்.

பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமனாரைத் தொட்டதில்லை அவள்.

"சாப்புடாதீங்க மாமா. உப்பு."

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"அந்தக் கட்டிதான். கட்டியே உப்பா இருந்திருக்கு. எனக்குத் தெரியாது மாமா, சத்தியமாத் தெரியாது. நான்தான் போட்டுப் போட்டு..." எந்நேரமும் நில்லாமல் ஓடிய பெண் அந்தச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து அழுதாள். இந்தக் கையாலேயே இவரைக் கொன்றிருப்பேனே என்று அழுதாள்.

வைத்தியலிங்கம் கையில் இருந்த சோற்றைத் தட்டில் உதிர்த்தார். கோபம் தணிந்த முகமாகத் தெரியவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? சொன்ன எடத்துல போயிச் சொல்லு."

மேகலா எழுந்தாள். ஸ்கூட்டியை எடுக்கத் தோன்றவில்லை. எச்சில் கையைக் கழுவிக்கொண்டு உச்சி வெயிலில் நடந்தே போனாள். கடையில் பெஞ்சு நிறைய ஆள். அன்றைக்குச் சிரித்தவனும் இருந்தான். பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எங்க மாமா இங்க எதுவும் தின்னல" என்றாள். "அன்னைக்கு நான் சொன்னது பொய். அவருக்கு உப்பு போட்டது நான். தெரியாமப் போட்டேன், ஆனா நான்தான் போட்டேன். பாய், நீங்க சொன்னது நெசம். மன்னிச்சுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. "வெயில்ல வந்துருக்கே, ஒக்காரு தங்கச்சி" என்று பாய் தண்ணீர் செம்பை நீட்டினார். அவள் குடிக்காமல் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் வைத்தியலிங்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. ராத்திரிக்கு உப்பும் இல்லாமல் கட்டியும் இல்லாமல் எலுமிச்சம்பழமும் மிளகும் மட்டும் போட்டு ஒரு ரசம் வைத்தாள். எல்லோருக்கும் அதே ரசம்தான். தட்டு முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் வைத்த வைத்தியலிங்கம் முகத்தைச் சுளித்தார்.

"நல்லாவே இல்ல."

"தெரியும் மாமா."

அவர் மென்று விழுங்கினார். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்து."