பத்திரிகையில் இல்லாத வரி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் ஒன்பது வீடுகளுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அங்கே வாசிக்கத் தெரிந்த பெண்கள் இரண்டே பேர், என் அக்காவும் நானும். இரண்டாவது ஆள் இருப்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பெண்களுக்கும் வாக்கு என்று ஆகி நடக்கவிருந்த முதல் தேர்தல் அது. எழுத்து அறியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. யாருக்கு எந்த நிறம், யார் என்ன சொன்னார் என்று அறியப் பின்னேரங்களில் பெண்கள் எங்கள் விறாந்தைக்கு வருவார்கள். அப்பா தான் வேலைபார்க்கும் கந்தோரிலிருந்து கொண்டுவரும் பத்திரிகையை அக்கா உரத்து வாசிப்பாள். விளங்காத இடத்தைத் திரும்பவும் வாசிப்பாள். முன்வீட்டு மாமி அவளுக்கென்றே தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டிய தொதல் கொண்டுவருவார். அக்கா தந்தால் எனக்கு ஒரு துண்டு. அதை விழுங்கவே எனக்குப் பிடிக்காது, ஆனாலும் விழுங்குவேன்.

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது.

"நீயாவது வாசி பிள்ளை" என்றார் மாமி.

வாசித்தேன். எல்லாருடைய கண்களும் அக்கா படுத்திருந்த அறைப் பக்கமே போய்வந்தன. அவள் வாசித்தால்தான் விளங்கும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்போதுதான் அச்சில் இல்லாத ஒரு வரியை வாசித்தேன்: மஞ்சள் பெட்டிக்காரர் எங்கள் ஒழுங்கைக்கு இன்னொரு குழாய் போட்டுத் தருவாராம்.

கண்கள் அத்தனையும் என்னிடம் திரும்பின. மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்கள். அன்றைய தொதல் முழுவதும் எனக்கே. அந்தப் பத்திரிகையை மறுநாள் காலை அடுப்பில் போட்டு எரித்தேன்.

வாக்களிப்பு நாளில் அவர்கள் நல்ல சேலை உடுத்து, ஒன்றாகப் போய், மஞ்சள் பெட்டியில் வாக்கைப் போட்டுவிட்டு வந்தார்கள். அவரும் வென்றார். மாதங்கள் போயின. குழாய் வரவில்லை. மாமியும் நாலைந்து பேரும் அவரிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். தான் அப்படிச் சொன்னதேயில்லை என்று அவர் சத்தியம் பண்ணினாராம்.

மாமி நேரே அக்காவிடம் வந்தார். "பேப்பரும் பொய், அந்த மனுசனும் பொய். இனி இதுகளை வாசிச்சு என்ன, வோட்டுப் போட்டு என்ன?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் அவ்வளவு நல்லவளாக இருந்ததும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

அதன்பின் யாரும் வரவில்லை. அக்கா சில நாள் தனியே உட்கார்ந்து வாசித்தாள். பிறகு சத்தமில்லாமல் வாசித்தாள். அவளைச் சுற்றி ஆளில்லாமல் போனதில் எனக்கு அப்படியொரு சந்தோசம்.

அடுத்த தேர்தலன்று மாமியை வாக்குப் போடக் கூட்டிப்போக வேட்பாளரின் ஆட்கள் கார் கொண்டுவந்தார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை. அக்காவிடமிருந்து அவளைக் கேட்க வந்தவர்களைப் பறித்ததாகத்தான் நான் எண்ணியிருந்தேன். மாமியிடமிருந்து எதைப் பறித்தேன் என்பது அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.