ஆறு குதிரைகளும் ரோட்டில் காய்ந்த கொள்ளும்

ஆறு குதிரைத்திறன். அந்த எண்ணை ஒரு வாரமாக எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைலன்சரை மாற்றுவதற்கு முன் சக்கரத்தில் நூற்றுப் பதினெட்டு, மாற்றிய பிறகு நூற்று இருபத்து நான்கு. சென்னைக்கு வெளியே ஓரிடத்தில் உருளைகள் மேல் காரை ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அதன் சக்தியை அளப்பார்கள். அங்கே எடுத்த அளவு. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. மேலே இருந்த கோடு என்னுடையது.

கார் எங்களுடையது இல்லை. உத்திரமேரூர் பஜார் தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்தின் இளைய மகனுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பழையதுதான், வேறு யாரோ ஓட்டி விற்றது. அதை என் அண்ணனின் ஷெட்டுக்குக் கொண்டுவந்து, "சைலன்சர் மாத்தினா இருவது குதிரை ஏறும்னு வீடியோல சொல்றான். ஏத்திக் குடுங்க" என்றார்.

"இருவது ஏறாது பாய். சத்தம்தான் இருவது குதிரைக்கு வரும்" என்றேன் நான்.

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைக் கை காட்டினான். "பாப்பா சொன்னா சரிதான். அவ எஞ்சினீயரு. சைலன்சர் கம்பெனிலயே வேலை பாக்கறா."

எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் பள்ளிக்கூடம் போனதே மதியச் சாப்பாட்டுக்குத்தான். பத்து வயதில் லாரி ஷெட்டில் சேர்த்துவிட்டார்கள். அவனுக்கு எண்கள் தெரியும், ஸ்பேனர் அளவுகள் தெரியும், எழுத்து தெரியாது. அவன் கையில் ஏறிய கிரீஸில்தான் நான் மெக்கானிக்கல் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டுக்குப் போய் வேலைத் தாளை நான் எழுதுவேன். என்ன கழற்றினோம், என்ன மாட்டினோம், ஏன் என்று வண்டிக்கு ஒரு தாள். மாவட்டத்திலேயே இப்படி எழுதிவைக்கிற ஷெட் எங்களுடையது மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

புதுப் பைப் பழையதைவிட அகலம். அதை மாட்டியபோது ஒரு சிக்கல் வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று காரின் வயிற்றில் இருக்கும். எஞ்சினை விட்டால் அதிகம் சூடாவது அதுதான். அதற்கு மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு. மேல் தகடு காருக்குள் சூடு ஏறாமல் தடுக்கும். கீழ்த் தகடு புதுப் பைப்பில் இடித்து, எஞ்சின் ஓடும்போதெல்லாம் தகர டப்பாவைப் போலச் சத்தம் போட்டது.

"கழட்டிடு" என்றேன்.

அண்ணன் காரின் அடியில் படுத்திருந்தான். அந்தத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தான். "கம்பெனிக்காரன் சும்மாவா வெச்சிருப்பான்?"

"மேல் தகடு காருக்கு. கீழ் தகடு ரோட்டுக்கு. ரோடு இன்னா எரிஞ்சிடவா போவுது?"

"இல்ல பாப்பா, கொஞ்சம் தட்டிப் பாக்கறேன்."

"படிச்சிருந்தா உனக்கே தெரியும். கழட்டுண்ணா."

அவன் காரின் அடியிலிருந்து கையை நீட்டினான். பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டான், கொடுத்தேன். நான்கு போல்ட்டும் கழன்று தகடு தரையில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தாளில் எழுதினேன்: "அடித் தகடு தேவையில்லை, கழற்றப்பட்டது." கீழே என் கையெழுத்தும் போட்டேன்.

காரை ஒப்படைக்க வேண்டிய ஞாயிறு வந்தது. தை மாதம், வெயில் இதமாக இருந்தது. நாஷ்டா முடித்துவிட்டுக் கடைசியாக, புதுப் பைப்பைத் தாங்கும் பிடிமானம் ஒன்றை இறுக்கினான் அண்ணன். "மாகறல் வரிக்கும் போயிட்டு வந்துடறேன். சூடாகித் திரும்பினா ஆட்டம் கீதான்னு தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அடித்தொண்டையிலிருந்து வருகிற சத்தம். அவன் கியர் மாற்றுவது ஒவ்வொன்றும் ஷெட்டிலிருந்தே காதில் விழுந்தது.

கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, "அண்ணன் இல்லியாம்மா? ஒரு கத்தி குடு. அச்சுல கொடி சுத்திக்கினு இழுக்குது" என்றார்.

குனிந்து பார்த்தேன். பின் அச்சு முழுக்கக் காய்ந்த கொள்ளுக் கொடி, கயிறு திரித்ததைப் போல.

"எங்க சுத்திச்சு?"

"மாகறல் ரோட்லதான். ஒண்ணா ரெண்டா, ரோடு பூரா கொள்ளுதான் காய வெச்சிருக்காங்க. வண்டி ஏறினா அவங்களுக்குக் காய் உடையுது, எனக்கு அச்சு உடையுது."

கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. முந்தைய நாள் மாலை கம்பெனி பஸ்ஸில் நானும் அதே ரோட்டில்தான் வந்தேன். பெண்கள் கொடியைக் கவைக் கம்பால் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் அதன் மேல் ஏறி மெத்தையில் போவதைப் போலப் போனது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நான் போனில் அந்த இரண்டு கோடுகளையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் வயிறு உயரத்தில் இருக்கிறது. அந்தக் காரின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே என் கை நுழைந்தால் அதிகம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால், ஸ்பேனர் பெட்டியின் மேல், அவன் போன் அடித்தது.

நான் படிக்காதவளாக இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். எனக்குக் கணக்கு தெரிந்திருந்தது. வேகமாக ஓட்டினால் அந்தப் பெட்டியின் சூடு நானூறு டிகிரியைத் தாண்டும். காய்ந்த கொடி பற்றிக்கொள்ள அதற்குக் கீழேயே போதும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளிப் பெட்ரோல் பைப் போகிறது. கதவைத் திறந்தாலும் சட்டென்று வெளியே வர முடியாது, உட்கார்ந்தவன் முட்டியை மடக்கி உருண்டுதான் எழ வேண்டும். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எதையும் நிறுத்த முடியவில்லை.

ஸ்கூட்டியை எடுத்தேன். ஊரைத் தாண்டியதும் ஏரிப் பக்கத்துக் காற்றில் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில், ஆனால் தெளிவாக. மூன்றாம் கியர், நான்காம் கியர். அது கேட்கும் வரை அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான், ஓட்டிக்கொண்டிருக்கும் வரை உயிரோடு இருக்கிறான். அவ்வளவுதான் என் மனத்தில் இருந்தது. அவன் நின்றால் நல்லது என்றும் வேண்டிக்கொண்டேன், நின்றுவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

சத்தம் நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை, அறுந்ததைப் போல நின்றது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் ஸ்கூட்டி நாற்பதுக்கு மேல் போகவில்லை. காருக்கு ஆறு குதிரை ஏற்றியவள் நான், எனக்குக் கீழே ஸ்கூட்டியில் மொத்தமே அவ்வளவு குதிரைதான். வலது பக்கம் வயலுக்கு அப்பால் புகை தெரிந்தது. அதைப் பார்த்ததும் என்னிடமிருந்து ஏதோ ஒரு குரல் வந்தது, வார்த்தை இல்லை. கிட்டே போனபோது யாரோ வரப்பில் குப்பையைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நிற்கவில்லை.

அடுத்த வளைவில் கொள்ளு தொடங்கியது. ரோட்டின் பாதி அகலத்துக்குப் பழுப்பாகப் பரப்பியிருந்தார்கள். அதன் நடுவே சிவப்புக் கார், இரண்டு கதவும் திறந்தபடி. சுற்றிலும் நான்கைந்து பெண்கள். ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கியிருந்த காருக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை. முன் சக்கரத்துக்குப் பின்னால் அண்ணனின் கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவை அசையவில்லை.

ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடாமல் விட்டேன், அது விழுந்தது.

"அண்ணா."

"கிட்ட வராத. பெட்ரோல் கீது." கால்கள் பேசின. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

"வெளிய வா. கார் போனா போவட்டும்."

"ரெண்டு கொடி கீது. இழுத்துட்டு வரேன்."

மல்லாந்து படுத்துப் பார்த்தேன். பெட்டியைச் சுற்றிக் கொடி கூடு கட்டியதைப் போல இறுகியிருந்தது. நடுவில் பீடி நுனியைப் போலச் சின்னச் சின்னதாகச் சிவப்பு. காற்று வந்தால் சிவப்பு விரிந்தது. அவன் அதைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்தான், வெறும் கையால். அங்கே அடியில் இருக்கவேண்டிய தகடு ஷெட்டின் மூலையில் கிடந்தது.

ஒரு பெண் குடத்தோடு நின்றார். "ஊத்தட்டுமா நைனா?"

"மண்ணு அள்ளிப் போடுக்கா. கொஞ்சமா."

நான்தான் முதலில் அள்ளினேன். அவர்களும் ரோட்டோரத்து மண்ணை முந்தானையில் அள்ளிவந்து கொட்டினார்கள். ஒருவர் கவையை உள்ளே விட்டுப் பெரிய கொத்து ஒன்றை இழுத்தார். அது ரோட்டில் வந்து விழுந்ததும் பொக்கென்று பற்றியது. எங்கள் எல்லோருக்கும் முன்னால், முழங்கால் உயரத்துக்கு. ஒரு நிமிடம் எரிந்து அடங்கியது. காருக்கு அடியில் இருந்தபோது அதற்குக் காற்று போதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் வெளியே வந்தான். வலது உள்ளங்கையில் தோல் சுருண்டிருந்தது. முகம் முழுக்க மண். என்னைப் பார்த்து, "ஆட்டம் இல்ல பாப்பா. பிடிமானம் நல்லாத்தான் கீது" என்றான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கவை வைத்திருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதான் உன் தங்கச்சியா? இவங்கதான் ஆறு குதிரை ஏத்தினாங்களா?"

அடியில் கொடி சிக்கி அவன் காரை நிறுத்தியதும், என்ன சத்தம் இது என்று அந்தப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். புகை வருவதைப் பார்த்து அடியில் புகுவதற்கு முன்னால் அவன் அதைத்தான் சொல்லியிருக்கிறான், என் தங்கச்சி ஆறு குதிரை ஏத்தியிருக்கா என்று.

"குதிரை ஏத்தினா போதுமா, கொள்ளைப் பாத்தா அது வுடுமா?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். என்னால் முடியவில்லை. அவன் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன், குடம் காலியாகும் வரை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்ததும் அவன் மூலையிலிருந்த தகட்டைக் காலால் இழுத்தான். "சுத்தியல் எடு." இடது கையால் அவன் இடத்தைக் காட்ட, நான் தட்டினேன். பைப் இடிக்கும் இடத்தில் ஒரு பள்ளம், ஓரத்தில் ஒரு மடிப்பு. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான்கு போல்ட்டும் ஏறின. எஞ்சினை ஓடவிட்டோம், தகடு இடிக்கவில்லை. அந்த ஆறு குதிரைகளும் எங்கேயும் போகவில்லை. அன்றைக்கே அவன் கேட்டது இந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல, தட்டினா ஒக்காரும்னு."

"சொன்னனே. நீ படிச்சவ, உனக்குத் தெரியும்னு வுட்டுட்டேன்." அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலைத் தாளை எடுத்தேன். அதில் எழுதியதை நான் ஒருநாளும் அவனுக்குப் படித்துக் காட்டியதில்லை. அன்று முதல் வரியிலிருந்து படித்தேன். "அடித் தகடு தேவையில்லை" என்ற வரி வந்ததும் குரல் இறங்கியது. அவன், "யாரு தேவையில்லன்னது? பேரு போட்டியா?" என்றான். போட்டிருக்கிறேன் என்றேன். "அப்ப அட்ச்சிட்டுத் திரும்ப எழுது. அதுக்கும் பேரு போடு."

மாலையில் பாய் வந்தார். நடந்ததை நானே சொன்னேன். தகட்டைக் கழற்றச் சொன்னது நான், தவறு என்னுடையது என்று. அவர் அண்ணனின் கட்டைப் பார்த்தார், குனிந்து காரின் அடியைப் பார்த்தார். பிறகு, "நான் ஓட்டியிருந்தா இறங்கி ஓடியிருப்பேன். வண்டி போயிருக்கும்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு, "சத்தம் கொறஞ்சிடலியே?" என்றும் கேட்டுக்கொண்டார்.

அவர் மாகறல் பக்கம்தான் திரும்பினார். நானும் அண்ணனும் ரோட்டோரத்தில் வந்து நின்றோம். இரண்டாம் கியர், மூன்றாம் கியர். அண்ணன் சட்டைப் பையில் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சத்தம் ஏரிக்கரை வரை போனது, அதைத் தாண்டியது, மெலிந்தது. அறுந்துபோகுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் காற்றா காரா என்று தெரியாமல் ஆன பிறகும் நாங்கள் உள்ளே போகவில்லை.